மாப்பிள்ளை பள்ளம் தாண்டிய விதம்

பிப்ரவரி 3

அக்கா,

போனில் பேசினால் உன்னைச் சிரிக்க வைத்தே காரியத்தை மழுப்பிவிடுகிறேனாம். அதனால் இனி எல்லாம் எழுத்தில்தான் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து உத்தரவு போட்டிருக்கிறாய். எழுத்தில் எனக்கு மழுப்பத் தெரியாது என்று நம்புகிறாய் பார், அதற்கு ஒரு கும்பிடு.

முதலில் உன் செல்லம். நாலு வயதுக் குதிரைக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தது நீதான். அவனும் அந்தத் தோரணையிலேயே இருக்கிறான். தண்ணீர் வாளி ஒரு சாண் தள்ளியிருந்தால் குடிக்க மாட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். யாராவது போய்க் கெஞ்ச வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வாய்த்த உத்தியோகம் அது.

ஆனால் வேலை நடக்கிறது. நீ கொடுத்த வரிசை மாறவில்லை. முதல் வாரம் தரையில் கிடத்திய கழிகளை நடந்து கடந்தான். அடுத்த வாரம் முழங்கால் உயர மரத்தடி. நேற்று, சரிவில் கிடக்கிறதே அந்தப் பெரிய தடி, அதைத் தாண்டிவிட்டான்! காடு மேடு தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி குதிரை என்றால் இதுதான் அக்கா. முன்னங்கால் இரண்டையும் மோவாய்க்குக் கீழே மடக்கிக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து, வயிற்றுக்கும் தடிக்கும் நடுவே ஒரு முழம் வெளிச்சம் தெரிய, நாக்கு நுனியை ஓரமாகத் துருத்திக்கொண்டு, கணக்குப் போடும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பறந்தான். மேலே உன் தம்பி, கல்லில் அடித்த சிலை.

ஊர் வம்பு இல்லாமல் கடிதத்தை முடித்தால் உனக்குப் பிடிக்காது. லாடக்காரர் புதுப் பல்செட் போட்டிருக்கிறார். ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவருக்கு அது தோதுப்படவில்லை. தும்மினார். ஆணி ஒரு பக்கம், பல் ஒரு பக்கம். மாப்பிள்ளை குனிந்து பல்லைத்தான் முகர்ந்து பார்த்தான்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பி,

பல்செட் கதையைப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்ததில் தையல் வலித்து நர்ஸைக் கூப்பிட்டார். திட்டு எனக்கு விழுந்தது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு பதினாறு அடி நடந்தேன். கழிவறை வரை. திரும்பி வர முடியவில்லை. நாற்காலி கொண்டுவந்து தள்ளிப்போனார்கள். வாசலில் நின்ற தொண்டுக் கிழவர் ஒருவர் கை தட்டினார். அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உன் கடிதத்தில் குதிரை இருக்கிறது, நீ இல்லை. தாண்டும்போது உன் கையில் என்ன தெரிந்தது? கடிவாளம் கனத்ததா, லேசாக இருந்ததா? இறங்கும்போது அவன் வாயை இழுத்துவிட்டாயா, இல்லை கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டாயா? சின்னக் குதிரைக்கு ஒரு தடவை வாயில் வலித்தால் ஆறு மாதத்துக்கு அடுத்த தடியை நம்பாது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி பள்ளம். வறண்ட வாய்க்காலில் குறுகலான இடமாகப் பார். முதலில் கயிற்றில் பிடித்து நடத்திக் காட்டு, பிறகு ஏறு. குனிந்து உள்ளே பார்க்க விடாதே. நீயும் பார்க்காதே. ஏப்ரல் இருபதாம் தேதி புதுக்குதிரைப் போட்டிக்கு உங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

சீட்டி இப்போது எங்கே இருக்கிறாள், தெரியுமா? குதிரை இருக்கும் எந்த இடத்திலும் அவளைச் சேர்க்கக் கூடாது என்று குதிரையேற்றக் கிளப்புக்கு நான் எழுதியதைச் செயலாளர் உறுப்பினர் கூட்டத்தில் படித்தாராம். ஒன்பது வருஷம் என் லாயத்தில் இருந்தவள். சீட்டியடித்தே குதிரைகளைச் சாந்தப்படுத்துகிறவள். செப்டம்பரில் அந்த ஒரு நாள் வயிற்றுவாரை ஒழுங்காக இறுக்கவில்லை. சேணம் என்னோடு சரிந்தது. நான் இங்கே படுத்திருக்கிறேன். கோபம் குறையும் என்றார்கள். குறையவில்லை.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

பள்ளம் முடிந்தது! கொடியேற்றிக் கொண்டாடு.

கயிற்றில் நடத்திக் காட்டச் சொன்னாயா? காட்டினேன். நான் முதலில் தாண்டினேன். மாப்பிள்ளை அக்கரையில் நின்று என்னை மரியாதையாகப் பார்த்தான். திரும்பத் தாண்டி வந்து, திரும்பத் தாண்டிக் காட்டினேன். மூன்றாவது தடவை நான் பள்ளத்துக்குள் இருந்தேன். அப்போதுதான் அவன் என் தலைக்கு மேலாகத் தாண்டினான். இடம் தெரிந்துவிட்டது போல.

இரண்டு நாள் கழித்து ஏறித் தாண்டியாயிற்று. விளிம்பு வரை காதை ஆட்டிக்கொண்டே வந்தான். கடைசி அடியில் கண் இரண்டும் முட்டைபோல் ஆனது, மூக்குத்துவாரம் விரிந்தது, அப்புறம் நாலு காலும் ஒரே நேரத்தில் மண்ணை விட்டது. பள்ளம் மூன்றடி, அவன் தாண்டியது பத்தடி. பின்னங்குளம்பில் ஒட்டியிருந்த புல் காற்றில் தனியாகப் பறந்தது. அவ்வளவு அழகு. இரண்டு தடவையோடு நிறுத்தி, கழுத்தைத் தட்டிக் கொடுத்து, லாயத்துக்குக் கூட்டிவந்தாயிற்று.

கையில் என்ன தெரிந்தது என்று கேட்டாய். நன்றாக இருந்தது. எல்லாம் நன்றாகவே இருந்தது.

சீட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பழையதைக் கிளறாதே, இடுப்பு ஆறட்டும்.

தம்பி


பிப்ரவரி 27

தம்பி,

எனக்கு இங்கே செய்வதற்கு வேறு வேலை இல்லை. உன் கடிதங்களை நாலு தடவை படித்தேன்.

குதிரையின் மேல் உட்கார்ந்திருப்பவனுக்குக் காது தெரியும். பிடரி தெரியும். எதிரே ஒரு மரம் தெரியும். நாக்கு நுனி எப்படிடா தெரிந்தது? முட்டைக்கண்ணை எங்கே இருந்து பார்த்தாய்? வயிற்றுக்குக் கீழே வெளிச்சம், பின்னங்குளம்பில் புல்! முப்பது வருஷம் குதிரையேறியவன் எழுதுகிற வரிகளா இவை? வேலியில் சாய்ந்துகொண்டு கடலை கொறித்தவன் எழுதியது.

கையைப் பற்றிக் கேட்டால் ‘நன்றாக இருந்தது’. கல்யாண வீட்டுச் சாப்பாடா அது?

என் குதிரை மேல் யார் இருக்கிறார்கள்?

அக்கா


மார்ச் 5

அக்கா,

நாலு தாள் கிழித்தாயிற்று. ஐந்தாவதில் எழுதுகிறேன்.

நான் ஏறவில்லை. செப்டம்பருக்குப் பிறகு எந்தக் குதிரையிலும் ஏறவில்லை. ஜனவரியில் ஒருநாள், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மாப்பிள்ளைக்குச் சேணம் போட்டு ஏறினேன். அவன் ஒரே ஒரு அடி எடுத்து வைத்தான். நான் மறுபக்கமாக இறங்கிவிட்டேன். ஏறியது இடப்பக்கம், இறங்கியது வலப்பக்கம், நடுவில் இருந்தது மூன்று விநாடி. அவன் கழுத்தைத் திருப்பி, ‘வேற யாராவது வர்றாங்களா?’ என்பதுபோலப் பார்த்தான். கொட்டகை கூட்டுகிறவர் எட்டிப் பார்த்து, “என்ன சார், அவ்ளோதானா?” என்றார். “சேணம் சரியா இருக்கான்னு பாத்தேன்” என்றேன். கிளப்பில் போய், சரிவுத்தடியை ஒரு கையால் தாண்டினேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும்.

மேலே இருப்பது சீட்டி.

தாளைக் கசக்காதே, படி. குதிரைப் போர்வைகளைச் சலவை நிலையத்தில் போடப் போனேன். இப்போது அங்கேதான் அவளுக்கு வேலை, நீராவிக்கு நடுவே நின்றிருந்தாள். எனக்குத் திரும்பி ஓட வேண்டும்போல் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பிரித்து முகர்ந்தாள். “இது மாப்பிள்ளையோடது. தோள்பட்டைகிட்ட தேஞ்சிருக்கு பாருங்க. வளந்துட்டான், பெருசா வாங்குங்க” என்றாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

மாப்பிள்ளையைப் பழக்க வருவாயா என்று நான் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துச் சரி என்றாள். காலை ஆறு மணிக்கு வருகிறாள், எட்டு மணிக்குச் சலவைக்குப் போய்விடுகிறாள். கூலி வாங்க மாட்டேன் என்கிறாள். தடியையும் பள்ளத்தையும் அவன் தாண்டியது அவளோடு. நான் வேலியில் சாய்ந்திருந்தேன். கடலை மட்டும் இல்லை.

தம்பி


மார்ச் 9

தம்பி,

என் இடுப்பில் மூன்று ஸ்க்ரூ இருக்கிறது. அதற்குக் காரணமானவளை என் குதிரை மேலேயே ஏற்றியிருக்கிறாய், அதுவும் எனக்குத் தெரியாமல்.

உனக்குப் பயம் என்றால் எழுதியிருக்கலாம். நானும் பயந்திருக்கிறேன். பயத்துக்காக உன்னை யாரும் ஏசப்போவதில்லை. வாரைக்கூட இறுக்கத் தெரியாதவளிடம் இன்னும் பழகாத ஒரு குதிரையைக் கொடுத்தாயே, நாளைக்கு அவன் காலை முறித்துக்கொண்டால் அவனுக்கு வாக்கர் கொடுப்பார்களா?

நிறுத்து. பெரிய கேட்டின் சாவி அவளிடம் இருந்தால் வாங்கிக்கொள்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

நிறுத்தவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதைப் படித்த பிறகு நீ என் முகத்தில் முழிக்காவிட்டாலும் சரி.

செப்டம்பரில் போட்டியன்று காலை சீட்டி வாரை நான்காம் துளைக்கு இறுக்கினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் உன் தொப்பியை எடுக்கப் போனாள். சேணத்துக்கு அடியில் துணி மடங்கியிருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. அதைச் சரி பண்ண வாரை இரண்டாம் துளைக்குத் தளர்த்தினேன். துணியை இழுத்துவிட்டேன். அந்த நேரத்தில் நீ வந்தாய்.

தீவனத்தொட்டியில் விழுந்த கிளப் செயலாளரின் பொய்முடியைக் கிழட்டுப் பெண்குதிரை மென்ற கதையை உனக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதன் வாயில் இருந்து இழுக்கிறார், அது விட மாட்டேன் என்கிறது என்று நடித்தே காட்டினேன். இரண்டு கையும் அதற்கு வேண்டியிருந்தது. நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே ஏறினாய். வார் இரண்டாம் துளையில் இருந்தது.

மூன்றாவது தடையில் நீ விழுந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “வார் தளர்ந்திருந்துச்சுடா” என்றாய். “சீட்டிதானே கட்டினா?” என்றாய். நான், “ம்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒரே எழுத்து. அதில் ஒரு பெண்ணின் ஒன்பது வருஷம் போயிற்று. நீ கிளப்புக்கு எழுதிய கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டியதும் நான்தான். எச்சில் தொட்டு ஒட்டினேன்.

ஆறு மாதமாகத் தினமும் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். பல் தேய்ப்பதற்குள் ஏதாவது ஒரு வேடிக்கை தோன்றிவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க எனக்கு இருக்கும் ஒரே திறமை அதுதான்.

இந்தக் கடிதத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

பத்தொன்பது நாள் எழுதவில்லை. முதல் ஐந்து நாள் உன்னைத் திட்டினேன், வாய்விட்டே. பக்கத்துக் கட்டில் அம்மா, “யாரும்மா அந்தப் பாவி?” என்று கேட்டார். “பல்செட் கதை எழுதினவன்தான்” என்றேன். “அய்யோ, அவனா!” என்றார். உனக்கு இங்கேயும் ரசிகர் இருக்கிறார், பார்த்துக்கொள்.

ஆறாம் நாள் பயிற்சி அறையில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும் பெண், கையை விடும் முன் என் இடுப்புப் பட்டையைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். முந்தின நிமிடம்தான் வேறொருத்தி கட்டியிருந்தாள். “அவங்க கட்டினாங்களே” என்றேன். “பிடிச்சுக்கப் போறது நான்தானே, நான் பாக்கணும்ல?” என்றாள்.

ஏறுகிறவள் வாரைத் தானே பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன்! யார் கட்டினாலும், கடவுளே கட்டினாலும், ஏறும் முன் ஒரு தடவை, ஏறிய பின் ஒரு தடவை. அன்று நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன். விழுந்துகொண்டிருந்த அந்த நொடியிலேயே எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் ஆம்புலன்ஸில் உன்னிடம் சீட்டியின் பெயரைச் சொன்னேன். நீ ஒரு எழுத்து சொன்னாய். கேள்வியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

போட்டிக்குப் பெயர் மாற்றச் சொல்லி இன்று கிளப்புக்கு எழுதினேன். குதிரை மாப்பிள்ளை, ஏறுபவர் அவள். முழுப்பெயர் வேண்டும் என்று படிவத்தில் இருக்கிறது. புகார் எழுதியபோது ‘சீட்டி’ என்றே எழுதினேன். கெடுப்பதற்கு அது போதுமாக இருந்தது. இப்போது முழுப்பெயர் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்து எழுதினேன். அதைவிடக் கேவலமாக இந்த அறையில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, பெட்பேன் உட்பட.

என் புகாரை வாபஸ் வாங்கினால்தான் அவள் ஓட முடியும். அது கூட்டத்தில் படிக்கப்பட்டது. வாபஸும் கூட்டத்தில்தான் நடக்க வேண்டும். என் பங்கை எழுதி அனுப்பியிருக்கிறேன். உன் பங்கை நீ நின்று சொல். எழுதிக் கொடுத்துவிட்டு உட்காராதே.

இதோடு ஒட்டிய கவர் ஒன்று இருக்கிறது. அவளுக்கு. பிரித்தால் கொன்றுவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

நேற்று கூட்டம். முப்பது பேர் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், கோப்பை அலமாரி, சர்க்கரை போதாத டீ. செயலாளர் உன் கடிதத்தைப் படித்தார். முணுமுணுப்பு எழுந்தது. பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன்.

நான் எழுந்தாலே முன் வரிசை சிரிக்கும், உனக்குத் தெரியுமே. சிரித்தார்கள்.

“வாரைத் தளர்த்தினது நான்தான்” என்றேன். பலமாகச் சிரித்தார்கள். லாடக்காரர் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நெஜமா சொல்றேன். சீட்டி சரியாத்தான் கட்டினா. நான்தான் அவுத்து, திரும்ப இறுக்க மறந்துட்டேன்.” இன்னும் சிரிப்பு. “மூஞ்சிய எப்படி வச்சிருக்கான் பாரு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அழவேண்டும்போல் இருந்தது அக்கா. அழுதிருந்தால் அதற்கும் கை தட்டியிருப்பார்கள். முப்பது வருஷம் நானே பழக்கி வைத்த கூட்டம்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. “மறந்தீங்களா? அப்படி என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்டார்.

“அக்காவுக்கு ஒரு கதை சொல்லிட்டிருந்தேன்.”

“என்ன கதை?”

அவர் தலையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். எல்லாரும் பார்த்தார்கள். “உங்க... முடியைப் பத்தின கதை, சார். குதிரை மென்னுச்சே, அது.”

அப்போதுதான் நம்பினார்கள். செயலாளர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, “புகார் ரத்து. அந்தம்மா பேரைப் பதிஞ்சுக்கறேன்” என்றார். “நீங்க உக்காரலாம்” என்று எனக்குச் சொன்னதை ஒரு நாய்க்குச் சொல்வதுபோல் சொன்னார். உட்கார்ந்தேன். வெளியே வரும்போது யாரும் என் பக்கத்தில் நடக்கவில்லை.

அங்கிருந்து நேராகச் சலவை நிலையம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நின்றுகொண்டே, சத்தமாக, இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“அவங்க விழுந்ததும் குதிரையப் புடிச்சு நிறுத்தினது யாரு? நான் நாலாம் துளைல விட்டேன், ரெண்டாவதுல இருந்துச்சு. நடுவுல கிட்ட நின்னது நீங்க ஒருத்தர்தான்.”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா? நீங்க ஒரு ஜோக் அடிப்பீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் நான்?”

அப்படியானால் எதற்காக இத்தனை நாள் வந்தாய் என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. முதல் தடவையாகக் கோபப்பட்டாள். “உங்களுக்காகவா வந்தேன்? அவன் என்ன பண்ணினான் பாவம்? குட்டியா இருக்கறப்பவே பால் குடிக்க வச்சது நான்.”

போட்டியில் ஓடுவாள். அதற்குப் பிறகு நம் லாயத்துக்கு வர மாட்டாள். கேட்டேன், முடியாது என்றுவிட்டாள். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பண்ணையில் பேசியிருக்கிறாளாம். புகார் ரத்தானால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை சாப்பிட மறுப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். நாம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது தண்ணீர்க் குட்டையில் பயிற்சி நடக்கிறது. ஆழம் தெரியாத இடத்தில் காலை வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அவள் அவசரப்படுத்துவதில்லை. ஓரத்தில் நிறுத்தி, கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்று காலை ஒரு குளம்பு நனைந்தது. அதோடு இறங்கிவிட்டாள்.

உன் கவரைக் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். முன்பக்கம் எழுதியிருந்த தன் முழுப்பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிரிக்கவில்லை.

“படிக்கலையா?”

“இப்ப வேணாம். இருபதாம் தேதி முடியட்டும்” என்றாள். “என்ன எழுதியிருந்தாலும் கை நடுங்கும். கை நடுங்கினா அவன் வாய்க்குத் தெரிஞ்சிடும்.”

கவரை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். ஆகவே உன் கடிதத்துக்குப் பதில் உண்டா, மன்னிப்பு உண்டா என்றெல்லாம் என்னைக் கேட்காதே. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நீ அங்கே இரு, நான் இங்கே இருக்கிறேன்.

தம்பி